தர்மாம்பாள் டீச்சர் வைத்த பரீட்சை

தர்மாம்பாள் டீச்சரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. அவர் மேல் இல்லை, எங்கள் மேல்.

பழங்காநத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வாடிப்பட்டிக்கு வருவார். கிராம சுகாதார நர்சுகளுக்குப் பயிற்சி தரும் நிலையம் எங்களுடையது. சொக்கநாதன் முதல்வர். சிவசங்கரனாகிய நானும் தர்மாம்பாளும் இன்னும் மூன்று பேரும் ஆசிரியர்கள். எண்பத்து மூன்றில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்கள் கூடிப் பேசிப் புதிய கற்பித்தல் முறைகளைக் கொண்டுவர வேண்டுமாம். மூன்று கூட்டம் போட்டோம். வடை தின்றோம். பழைய சார்ட்டைப் புதுக் கலரில் வரைவதென்று தீர்மானித்தோம். வெட்கங்கெட்ட கூட்டம்!

அந்த வாரம் டீச்சர் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தார். வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த குழந்தைக்கு, நர்ஸ் சொன்னபடி உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டிருந்தாள் தாய். டீச்சர் ஒரு வாய் வாங்கிக் குடித்தார். வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த நர்ஸ் எங்களிடம் படித்தவள். பரீட்சையில் தொண்ணூற்றிரண்டு மார்க். கரைசலை ஒருமுறைகூடக் கையால் கலக்கியதில்லை.

அடுத்த கூட்டத்தில் டீச்சர் கொதித்துவிட்டார். “நாம படத்தக் காட்டுறோம், அதுக படத்த வரைஞ்சு மார்க் வாங்குதுக. இனிமே ஒவ்வொரு பிள்ளையும் கலக்கட்டும். சொல்லிக் குடுத்த வாத்தியாரு ஒரு டம்ளர் குடிச்சிட்டு மார்க் போடணும். பச்சப்பிள்ளைக்குக் குடுக்கிறத நாம குடிக்க மாட்டமா?”

எல்லோரும் கைதட்டினோம். முதல்வர் கையெழுத்துப் போட்டார்.

செய்முறைத் தேர்வு அன்று என் குழுவில் முதலில் ஜானு, அர்ச்சகர் வீட்டுப் பெண். அவள் கலக்கியதைக் குடித்துப் பத்துக்கு எட்டுப் போட்டேன். அடுத்து பாண்டியம்மாள் டம்ளரை நீட்டினாள். காலனியிலிருந்து வந்தவள். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் வயல் கூலி.

“வயிறு நெறஞ்சு கெடக்கும்மா. அப்பறம் பாப்போம்” என்றேன்.

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல்வரைக் கூப்பிட்டார். அவர் விரதம் என்றார். காலையில் எங்களோடு உட்கார்ந்து வடை தின்ற மனுஷன்!

பாண்டியம்மாள் நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். இந்த மார்க் இல்லையென்றால் சர்டிபிகேட் இல்லை, வேலை இல்லை. அது எங்களுக்கும் தெரியும்.

“அவளச் சார்ட்ட வச்சுச் சொல்லச் சொல்லுங்க, மார்க் போட்டுரலாம்” என்றார் முதல்வர்.

“ஒருத்திக்கு டம்ளரு, ஒருத்திக்குச் சார்ட்டா சார்?” என்று கேட்டுவிட்டு டீச்சர் விறுவிறுவென்று வெளியே போனார்.

பத்து நிமிடத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் தொங்கியது. ‘உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்முறைத் தேர்வு. தேர்ச்சி பெறாதவர்கள்: ஒன்று, சொக்கநாதன், முதல்வர். இரண்டு, சிவசங்கரன், ஆசிரியர்.’

நாற்பது பெண்களும் கூடிவிட்டார்கள். முதல்வர் குதித்தார். மாற்றல் ஆர்டர் வாங்கித் தருவதாக மிரட்டினார்.

“வரட்டும் சார். குடிச்சீங்கன்னா நானே பேர அடிச்சிடுறேன்” என்றார் டீச்சர்.

ஆர்டர் அடுத்த மாதமே வந்தது. எங்கோ தொலைதூர மாவட்டத்துக்குத் தூக்கியடித்தார்கள். அந்த வருஷ அறிக்கையில் மட்டும் ‘எங்கள் நிலையத்தின் புதிய முறை’ என்று இந்தக் கலக்கிக் குடிக்கும் தேர்வையே எழுதிக்கொண்டார் முதல்வர். அவர் கடைசிவரை குடிக்கவில்லை.

நான் தேர்வு நடந்த அன்று சாயங்காலமே பாண்டியம்மாளிடம் போனேன். திருந்திப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். போர்டில் பெயர் தொங்குகிற மானக்கேடு தாங்காமல் போனேன். பாண்டியம்மாள் புதிதாகக் கலக்கிக் கொடுத்தாள். முழு டம்ளரையும் குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உப்பு சரியா இருக்கா சார்?”

“சரியா இருக்கும்மா” என்று மார்க் நோட்டை எடுத்தேன்.

“காலைல கலக்குனதும் இதேதான் சார்” என்றாள் பாண்டியம்மாள்.