நாலாவது மாடியில் நின்றுபோன பீங்கான்கள்

எங்கள் லேபில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பல் செய்கிற அக்கா என்பது தேய்ந்து பல்லக்கா ஆகிவிட்டது. "பல்லக்கானு வாய் நிறையக் கூப்பிடுறீங்க, தூக்கிட்டுப் போக ஒருத்தரும் வர மாட்டேங்கிறீங்களே" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பதினோரு வருடம் நானும் அவரும் அடுத்தடுத்த மேசை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, மேசைமேல் வைக்கிற சின்ன மின்சூளையில் சுட்டெடுப்பது எங்கள் தொழில். முன்பல் ஒன்றுக்குள் நாலு வெள்ளை இருக்கும். விளிம்பில் ஒன்று, நடுவில் ஒன்று, ஈறை ஒட்டி லேசாக மஞ்சள் கலந்தது ஒன்று, பேசும்போது மட்டும் தெரிகிற மாதிரி இன்னொன்று. அதைப் பிரித்துப் பார்க்கிற கண் அக்காவுக்கு இருந்தது.

அந்தக் கண்தான் அவரைப் பொம்மைகளிடம் கொண்டுபோய் விட்டது. நான் லேபில் சேர்வதற்கு வெகு முன்பு ஒரு பல் மருத்துவர், தன் அம்மா காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது கிடைத்த பீங்கான் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண். வலது கையில் இரண்டு விரல் இல்லை. "பல்லு செய்யிறீங்க, விரல் செய்ய மாட்டீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார். அக்கா மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, இரண்டு விரலைத் தனியே சுட்டு ஒட்டிக் கொடுத்தார். எந்த விரல் புதிது என்று மருத்துவருக்குத் தெரியவில்லை. "இது உங்க வீட்லயே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொம்மையின் அடியில் நீல நிறத்தில் ஒரு கிரீடமும் அதன் கீழ் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. அது என்ன என்று தேடப்போய்த்தான் இத்தாலி வந்தது, நேப்பிள்ஸ் வந்தது, அந்த ஊர்க் குன்றின் பெயரைத் தாங்கிய கபோடிமோன்டே பீங்கான் வந்தது. அதன் பிறகு இருபத்தாறு வருடம் அக்கா ஓயவில்லை. ஏலக்கூடங்கள், பழைய சாமான் கடைகள், வீடு காலி செய்கிறவர்களின் வாசல் என்று அலைந்தார். கையில் எடுத்ததும் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். ஆனால் அதை முழுசாக நம்பமாட்டார்.

"கிரீடத்தை யாரு வேணா போட்டுக்கலாம்டி. விரலைப் பாரு. நகம் இருக்கா, நகத்துக்குப் பக்கத்துல சதை கொஞ்சம் உப்பியிருக்கா? அங்கதான் செஞ்சவன் இருப்பான்."

முப்பத்தெட்டு உருப்படி சேர்ந்தது. பூங்கா பெஞ்சில் தூங்கிவழியும் கிழவர், வாத்து மேய்க்கும் சிறுமி, இதழ் இதழாகக் கையால் கிள்ளிச் செய்த ரோஜாக்கூடை, செருப்புத் தைப்பவர். எல்லாவற்றுக்கும் மேலாகச் சீட்டாடும் மூவர். அதில் ஒருவன் காலடியில் ஒரு சீட்டை ஒளித்து வைத்திருப்பான். அதை வைத்திருந்த அம்மாள் கொடுக்கவே மாட்டேன் என்று நாலு வருடம் நின்றார். அக்கா மாதம் தவறாமல் போய் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு வருவார். கடைசியில் அந்த அம்மாளே கூப்பிட்டு, "உன் தொல்லை தாங்கல, எடுத்துட்டுப் போ" என்றாராம்.

பிள்ளை இல்லாத குறைக்குப் பொம்மை வாங்குகிறார் என்று சிலர் பேசினார்கள். அக்காவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "பிள்ளை இல்லாதது ஒரு கதை. இது வேற கதை. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போடாதீங்க" என்பார்.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "அந்த வீட்ல நாங்க ரெண்டு பேரும் வாடகைக்கு இருக்கோம்மா. சொந்தக்காரங்க எல்லாம் கண்ணாடிக்குள்ள இருக்காங்க" என்பார். சுவர் நீளத்துக்கு அந்தக் கண்ணாடி அலமாரியைச் செய்துகொடுத்தவர் அவர்தான். தட்டுகளுக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்திருந்தார், கீழே சாலையில் பஸ் போனால்கூட அதிராது. ஆனால் ஒரு பொம்மையையும் தொடமாட்டார். தன் கை ஸ்பானர் பிடித்த கை என்று ஒதுங்கிவிடுவார்.

அவர்கள் குடியிருந்த கட்டிடத்துக்குப் பக்கத்து மனையில், தரைக்குக் கீழே இரண்டு தளம் கட்டுவதற்குத் தோண்டினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக் குளியலறைக் கதவு மூடவில்லை. மறுநாள் காலையில் படிக்கட்டுச் சுவரில் விரல் நுழைகிற அளவு விரிசல். பதினோரு மணிக்கு நகராட்சியிலிருந்து ஓர் இன்ஜினியர் அம்மா போலீசோடு வந்து, பதினைந்து நிமிடத்தில் எல்லாரும் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அக்கா அப்போது லேபில் இருந்தார். மாமா தனியாக மருந்துப் பையையும் பத்திரங்களையும் இரண்டு ஜோடித் துணியையும் எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவை மறித்துக் கயிறு கட்டியாகிவிட்டது.

"பொம்மை?" என்றார் அக்கா. முதல் வார்த்தையே அதுதான்.

"பதினஞ்சு நிமிஷம்தான் குடுத்தாங்க. நான் தொட்டா உடைஞ்சிடுமோன்னு..." மாமா முடிக்கவில்லை.

அக்கா கயிற்றருகே போய், தங்கள் வீடு இருந்த நாலாவது மாடியை அண்ணாந்து பார்த்தார். திட்டியிருந்தால் மாமாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு தெரு தள்ளி அக்காவின் தங்கை வீடு. அங்கே தங்கினார்கள். மறுநாளிலிருந்து அக்கா காலையும் மாலையும் கயிற்றருகே வந்து நின்றார். நாலாவது மாடி ஜன்னலில் திரை பாதி விலகியிருந்தது. அலமாரியின் ஓரமும், யாரோ ஒரு பொம்மையின் பச்சை அங்கியும் தெரிந்தன. அது யாருடைய அங்கி என்று அவருக்குத் தெரியும். எனக்குப் பச்சை மட்டும்தான் தெரிந்தது.

இன்ஜினியர் அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். அக்கா அவரை விடவே இல்லை.

"நான் மட்டும் போறேம்மா. ஒரே ஒரு தடவை. என்ன ஆனாலும் என் பொறுப்புன்னு எழுதிக் குடுக்கிறேன்."

"நீங்க எழுதிக் குடுத்துடுவீங்க. உங்களைத் தூக்க உள்ள ஓடுற தீயணைப்புக்காரர் எழுதிக் குடுக்கலையேம்மா."

"அப்ப கிரேன் வெச்சு ஜன்னல் வழியா எடுங்க."

"லாரி போனாலே நான் மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கிறேன். கிரேனை எப்படிக் கொண்டுவர்றது?"

அக்கா மனு எழுதினார். பெரிய அலுவலகத்தில் காத்திருந்தார். அருங்காட்சியகத்துக்குப் போய், நீங்கள் நகராட்சிக்கு ஒரு கடிதம் கொடுங்கள், எல்லாவற்றையும் உங்களுக்கே எழுதிவைக்கிறேன், உயிரோடு வந்தால் போதும் என்றார். உயிரோடு என்றுதான் சொன்னார். அங்கே இருந்தவர் அனுதாபமாகத் தலையாட்டி அனுப்பிவைத்தார். லேபில் அந்த வாரம் அக்கா செய்த பல் ஒன்று நிறம் சேரவில்லை என்று திரும்பி வந்தது. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் ஒரே வெள்ளையாத் தெரியுதுடி" என்றார்.

எட்டாம் நாள் அறிவிப்பு ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள்.

வியாழக்கிழமை காலையில் இன்ஜினியர் அம்மா காரைவிட்டு இறங்கியதும் அக்கா நடுச்சாலையில் விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்தேழு வயது. முப்பது வருடமாக அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தவர். அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்த்தார்கள். இன்ஜினியர் அம்மா அழுதேவிட்டார். "என்னால முடியாதும்மா, என்னை விடுங்கம்மா" என்று காலை உருவிக்கொள்ளப் பார்த்தார். மாமாதான் அக்காவைத் தூக்கி நிறுத்தினார். புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

மதியம் நான் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கயிற்றருகே தனியாக நின்றிருந்தார். மாமா டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றார். டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது நாலாவது மாடியில் திரை அசைந்தது.

கட்டிடத்தின் பின்பக்கம், லிஃப்ட் சாமான்கள் வைக்கும் அறைக்கு ஒரு கதவு உண்டு. அங்கே லிஃப்டைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் அதன் சாவி மாமாவிடம் இருந்தது, அது யாருக்கும் நினைவில்லை. காவலுக்கு இருந்த போலீஸ்காரர்கள் ஆள் மாறுகிற நேரம் பார்த்து அவர் நுழைந்திருக்கிறார்.

திரை முழுசாக விலகியது. மாமா நின்றார். சீட்டாடும் மூவரைக் குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி, இதுவா என்று கேட்கிற மாதிரி எங்களுக்குக் காட்டினார். அப்போது கட்டிடத்தின் உள்ளே எங்கோ மரம் முறிவதுபோல ஒரு சத்தம். மூன்றாவது மாடிச் சுவரிலிருந்து பூச்சு சரிந்து விழுந்தது.

"வேணாங்க! விட்டுட்டு வாங்க! எல்லாத்தையும் போட்டுட்டு வாங்க!" அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக் கத்தினார்.

மூடிய கண்ணாடிக்குப் பின்னால் மாமாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இது வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார். மூவரைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு ரோஜாக்கூடையை எடுத்துக் காட்டினார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் ஓடிப்போய் எல்லாரையும் கூப்பிட்டேன். ஒன்பது நாளாக யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று நின்ற இன்ஜினியர் அம்மா, இரண்டு தீயணைப்புக்காரர்களோடு தானும் உள்ளே போனார். இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் அக்கா வாயில் "என்னங்க, என்னங்க" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் கையை அவர் பிடித்த இடம் ஒரு வாரம் கன்றியிருந்தது.

மாமாவை இரண்டாவது மாடிப் படியில் கண்டுபிடித்தார்கள். படி பெயர்ந்து மல்லாக்க விழுந்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. படுக்கை விரிப்பில் கட்டிய மூட்டை முதுகிலேயே இருந்தது. அதன் முடிச்சை அவர் விடவில்லை, அதனால் அதையும் சேர்த்தே தூக்கிவந்தார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் தரையில் உட்கார்ந்து அக்கா மூட்டையை அவிழ்த்தார். ஆறு பொம்மை எடுத்திருக்கிறார், ஒவ்வொன்றையும் துண்டிலும் சட்டையிலும் சுற்றி. ஒன்றுகூடத் தப்பவில்லை. இருந்ததிலேயே பெரிய துண்டு என் உள்ளங்கை அளவு. அக்கா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. விரிப்பை மறுபடி முடிந்து என்னிடம் கொடுத்து, "எங்கயாவது போட்டுடு, எங்கன்னு எங்கிட்ட சொல்லாதே" என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் மாமா கேட்டது இதுதான்:

"எத்தனை தேறுச்சு?"

"மூணு" என்றார் அக்கா. "மூணு முழுசா இருக்குங்க."

"எது எது?"

"ரோஜாக்கூடை. வாத்துப் பொண்ணு. அப்புறம் அந்தத் தூங்குமூஞ்சிக் கிழவர்."

மாமா தலையை அசைத்துவிட்டுத் தூங்கிப்போனார். கட்டிடத்தை வெள்ளிக்கிழமை இடித்தார்கள். அக்கா போகவில்லை. நான் போனேன். நாலாவது மாடி சரிந்தபோது கண்ணாடிச் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வெறும் புழுதிதான் வந்தது.

மாமா ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். தினமும் அந்த மூன்றைப் பற்றிக் கேட்டார். எங்கே வைத்திருக்கிறாய், தூசி படியாமல் மூடிவைத்தாயா, வாத்தின் மூக்கு சரியாக இருக்கிறதா. அக்காவும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கச்சி வீட்டுப் பீரோவில் இருக்கிறது, மெல்லிய துணி போட்டிருக்கிறேன், மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லிவிட்டு வெளியே வந்து ஏலக்கூடம் ஏலக்கூடமாக ஓடினார். அதே மாதிரி ரோஜாக்கூடை, அதே மாதிரி வாத்துப் பெண். எங்கேயும் இல்லை. ஒருநாள் லேபில் வாத்தின் தலையைப் பல் பீங்கானில் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் சூளையில் உள்ளங்கை அளவுக்கு மேல் எதுவும் கொள்ளாது என்பது அவருக்குத் தெரியாதா? நான் பார்ப்பதைப் பார்த்ததும் அதை நசுக்கிக் குப்பையில் போட்டார்.

மாமா வீடு திரும்புவதற்கு முந்தைய நாள் அக்காவால் அதற்கு மேல் முடியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

"ஒண்ணுமே இல்லைங்க. எல்லாம் போச்சு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மூட்டை என் முதுகுலதானே இருந்துச்சு. விழுந்தப்ப ஒண்ணு ஒண்ணா நொறுங்கினது எனக்குக் கேட்டுச்சு. கூடைதான் கடைசி."

"அப்புறம் ஏன் தினம் தினம் கேட்டீங்க?"

"நீ பதில் சொல்லும்போது நேர்ல பாத்துட்டுச் சொல்ற மாதிரியே இருந்துச்சு. அந்த நேரம் உன் மூஞ்சி கொஞ்சம் தெளியும். அதுக்காகக் கேட்டேன்."

அக்கா இதையெல்லாம் எனக்கு மாதக் கணக்கில் சொல்லவில்லை. இப்போது அவர்கள் தரைத்தளத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மாமா கைத்தடி ஊன்றித் தெருமுனை வரை போய்வருகிறார். வீட்டில் அலங்காரப் பொருள் என்று ஒன்றும் கிடையாது. ஏலக்கூடத்துக்காரர் இரண்டு முறை போன் செய்தார், அக்கா எடுக்கவில்லை. ஒரு மழைநாள், லேபில் வேறு யாரும் இல்லாதபோது, தூரிகையைக் கழுவிக்கொண்டே பேச ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் அவர்கள் பேசிக்கொண்டதை எல்லாம் சொன்னார்.

"அன்னைக்கு இன்னொண்ணையும் அவர்கிட்ட சொல்லிட்டேன்டி. திரை அசைஞ்சுதே, அந்த நிமிஷம், அவர் உள்ள இருக்காருன்னு தெரிஞ்ச அந்த முதல் நிமிஷம், எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பயம் அப்புறம்தான் வந்துச்சு. முதல்ல சந்தோஷம்."

எனக்கு அது புதிது இல்லை. அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், அந்த முகத்தைப் பார்த்திருந்தேன். இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

"மாமா என்ன சொன்னார்?"

"'பின்னே, அதுக்குத்தானே போனேன்'னு சொன்னார்." அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "அவர் லேசாச் சொல்லிட்டாரு. அந்தச் சந்தோஷத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுடி?"

அக்கா விளக்கை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மறுநாள் காலையில் கொடுக்கவேண்டிய முன்பல்லை எடுத்து நிறம் பார்க்கத் தொடங்கினார்.