பிரெஞ்சு டாக்டரும் அக்காவின் ஸ்வெட்டரும்

சூடான காகித வாசனை...

மெஷினிலிருந்து வந்த பக்கத்தை உடனே கையில் வாங்கினால் சுட்ட அப்பளம் மாதிரி இருக்கும். ரங்கூன் லான்மடா பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. என் முதல் வேலை அங்கேதான்.

அப்போது ரங்கூனில் இங்கிலீஷ் புத்தகம் சுலபமாகக் கிடைக்காது. யாராவது ஒருத்தர் ஒன்று வைத்திருப்பார், ஊரே அதைக் காப்பி எடுத்துப் படிக்கும். கரண்ட் இருக்கும்போது வேலை. இல்லாதபோது கடை வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொள்வது.

ஒரு மத்தியானம், யாரோ கொடுத்த காலேஜ் பாடத் தாள்கள் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தெரிந்த இங்கிலீஷை வைத்துத் தட்டுத் தடுமாறிப் படித்தேன்.

அதில்தான் அந்தப் பிரெஞ்சு டாக்டர் வந்தார். அவர் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. பல தலைமுறைக்கு முந்தைய ஆள், பட்டாளத்தில் வைத்தியம் பார்த்தவர். ஒருமுறை அவருக்கே கடும் காய்ச்சல். படுத்துக்கொண்டே ஒன்றைக் கவனித்திருக்கிறார்... உடம்பு தளரத் தளர, யோசனையும் சேர்ந்து தளர்கிறது. அப்படியானால் மனசு என்பது உடம்புக்குள் வந்து குடியிருக்கும் வேறு ஆள் இல்லை, உடம்பு செய்கிற வேலைதான் மனசு என்று முடிவுக்கு வந்து ஒரு புத்தகம் எழுதினார்.

மதத்து ஆட்கள் சும்மா விடுவார்களா? புத்தகத்தைக் கொளுத்தினார்கள். பிரான்ஸை விட்டு ஹாலந்துக்கு ஓடி, மனிதன் ஒரு மெஷின், தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும் கடிகாரம் என்று அடுத்த புத்தகம் எழுதினார். அங்கேயும் துரத்தினார்கள். கடைசியில் ஜெர்மன் தேசத்து ராஜா ஒருவர் அழைத்து, சோறு போட்டு வைத்துக்கொண்டார்.

கரண்ட் வந்தது. மெஷின் ஓட ஆரம்பித்தது. எனக்கு என் அக்கா சரோஜாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்துப் பேட்டை லத்தாவில் மாடி வீடு. முன்பெல்லாம் தெருவில் மீன் சாறு நூடுல்ஸ் விற்கும் மொஹிங்காக்காரி வந்தால் பால்கனியில் நின்று பேரம் பேசுகிற அக்கா, இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காரணமில்லாமல் அழுவாள். ஊரே வெந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். முகம் ஊதிவிட்டது. குரலும் மாறி, ஆம்பளைக் குரல் போலக் கட்டையாகிவிட்டது.

அந்தக் குரல்தான் வினையாகிப் போனது. அவளுக்குள் நத் புகுந்து பேசுகிறது என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் நம்பிவிட்டார்கள். நத் என்றால் பர்மாக்காரர்கள் கும்பிடும் ஆவி. நாங்கள்தான் எதையும் விடாத ஆட்களாயிற்றே... மாரியம்மன் படத்துக்கு எலுமிச்சம்பழ மாலை, பக்கத்திலேயே நத்துக்குச் சிவப்புத் துணி கட்டிய தேங்காய். மந்திரித்த கயிறு வேறு இரண்டு கையிலும்.

அதோடு விட்டார்களா? அக்காவின் மாமியார் குழந்தையை இன்சீனில் இருக்கும் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய் தானே வளர்ப்பதாக முடிவு செய்துவிட்டார். "பேய் புடிச்சவ கையில பச்சப்புள்ளையக் குடுத்துட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கறது?" அக்கா அதைக் கேட்டுக்கொண்டே குழந்தையின் காலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடை முடிந்து நேரே அங்கே போனேன். "அத்தை, பூஜை எல்லாம் நடக்கட்டும், நான் ஒண்ணும் தடுக்கல. ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்துடுவோம். உள்ள பேய் இருந்தா ஊசிக்குப் பயந்தாவது ஓடட்டும்."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் இதுதான் சமயம் என்று அக்காவை சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். லேடி டாக்டர் அக்காவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார், குரலைக் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு. கழுத்துச் சுரப்பி மந்தமானால் குளிர், அழுகை, கட்டைக் குரல் எல்லாம் வருமாம். குழந்தை பெற்ற சிலருக்கு இப்படி வருவதுண்டு என்றார். தினமும் ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான்.

மாமியார் அரைமனசாகச் சொன்னார்: "சரி... தீபாவளி வரைக்கும் புள்ள இங்கயே இருக்கட்டும்."

தீபாவளி வரைக்கும் காத்திருக்க அவசியமே வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு காலை நான் படியேறும்போதே மேலே இருந்து சத்தம். "என் தனகாக் கட்டைய யாருடி எடுத்தது?" முகத்தில் பூச அரைக்கும் கட்டை காணோமாம், அக்காவின் பழைய குரல்! படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகு ஒருநாள் அவளே கேட்டாள். "அப்ப நான் அழுததெல்லாம் பொய்யாடி?"

"அழுகை நிஜம்தான்க்கா. அது கழுத்து வழியா வந்துச்சு, அவ்ளோதான்."

பிரெஞ்சு டாக்டர் கதையை முழுசாகச் சொன்னேன். தான் குணப்படுத்திய பெரிய மனிதர் வீட்டு விருந்தில் கறி அடைத்த பணியாரத்தை அளவில்லாமல் தின்று, அதிலேயே படுத்துச் செத்தார் மனுஷன். எதிரிகள் சாமி குத்தம் என்று கொண்டாடினார்களாம். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "ஊருக்கே உடம்பப் பத்திச் சொன்னவருக்குத் தன் வயித்தோட அளவு தெரியலியேடி!" அதிலிருந்து நான் பிரியாணிக்கு இரண்டாம் முறை தட்டை நீட்டினால், "பிரெஞ்சுக்காரர் மாதிரிப் போயிடாத" என்பாள்.

இன்று அந்த ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் போன் கடை. எல்லாப் புத்தகமும் போனிலேயே வந்துவிடுகிறது, காகிதச் சூடுதான் இல்லை. அந்தக் குழந்தை இன்று தன் மகளுக்குத் தனகா பூசுகிறாள். கரண்ட் மட்டும் அன்று மாதிரியே போய்ப் போய் வருகிறது. அக்கா இப்போதும் மாத்திரையை மாரியம்மன் படத்தின் முன் வைத்து எடுத்துத்தான் விழுங்குவாள்.

என் மகன் வேலைக்கு பாங்காக் போனதிலிருந்து எனக்கு எதிலும் பிடிப்பில்லை. போன வெயில் காலத்தில் அக்கா வீட்டுக்குப் போய், பிள்ளைப் பாசம், முதுமை, வாழ்க்கையின் வெறுமை என்று ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தேன். இதெல்லாம் ஆழமான துக்கம், உனக்குப் புரியாது என்றுகூடச் சொன்னேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அப்புறம் இரண்டு விரலால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"புள்ள போன துக்கம் துக்கம்தான்டி, நான் இல்லைங்கல. ஆனா இந்த ஏப்ரல் மாசத்துல நீ ஏன் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்திருக்க?"