காலை ஊன்றியவர்தான் படம் எடுக்க வேண்டும்

சைக்கிள் பழுது பார்ப்பவனிடம் யாரும் உண்மையான பழுதைச் சொல்வதில்லை; செயின் சரியில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். மலைச் சைக்கிள் வாங்கிவிட்டு எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் சக நோயாளிகளே, நானும் உங்களில் ஒருவன்தான். இரவு முழுக்கக் கையுறை ஆலையில் இயந்திரங்களோடு நிற்கிறேன். விடிந்தும் தூக்கம் வராது. அந்த வராத தூக்கத்தில், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில் இது. கடை என்பது செமோர் என்ற ஊரில் என் வீட்டுக் கார் நிறுத்துமிடம்.

புதுச் செயின்

லாரி ஓட்டும் குணா, முட்டியில் அறுவை செய்துகொண்டு ஆறு மாதம் கழித்து மறுபடி மிதிக்க ஆரம்பித்திருந்தார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகளிடம் ஒரு வழக்கம். பழைய ரப்பர் தோட்டத்துக் குன்றில் ஏறும்போது காலைத் தரையில் ஊன்றியவர்தான், உச்சியில் தண்ணீர்த் தொட்டி முன்னால் மற்றவர்களை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். திரும்பி வந்ததிலிருந்து எல்லாப் படத்தையும் குணாதான் எடுத்தார். ஒன்றிலும் அவர் இல்லை.

புதுச் செயினோடு என் கடைக்கு வந்தார். பின்சக்கரத்துப் பல் அடுக்கைக் காட்டினேன். அவர் எப்போதும் குன்றேறப் பயன்படுத்துகிற பல்வட்டு தேய்ந்து, சுறாத் துடுப்பு மாதிரி சாய்ந்து கிடந்தது. புதுச் செயின் அதில் உட்காராது, அழுத்தினால் எகிறும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றேன். அவர் கேட்கவில்லை.

"பல்லு முழுசா இருக்கேண்ணே! செயின மட்டும் போடுங்க, போலேலா, அதுவே ஓடும்!"

பெரிய அடுக்கு

அந்த ஞாயிறே பாதிக் குன்றில் செயின் எகிறியது. கால் தரையில். உச்சியில் கூட்டாளிகள் அவரிடம் கைப்பேசியை நீட்டிவிட்டு வரிசையாக நின்றுகொண்டார்கள். மறுவாரம் குணா இணையத்தில் வாங்கிய பன்னிரண்டு வட்டு அடுக்கைக் கொண்டுவந்தார். கடைசி வட்டு சோற்றுத் தட்டு அளவு இருந்தது. அது அவர் சக்கரத்தில் ஏறாது. சக்கரத்தை மாற்றி ஏற்றினாலும், கைப்பிடியில் இருக்கும் கியர் மாற்றிக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. அதையும் மாற்றினால் பின்சக்கரத்துக்குக் கீழே செயினை நகர்த்தும் உலோகக் கையையும் மாற்ற வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். கூட வந்த அவர் மனைவி வசந்தாதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"ராத்திரியெல்லாம் அவரு இல்லாத அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருக்காருண்ணே. இதுவும் சரி வரலன்னா சைக்கிள வித்துடுவேன்னு சொல்லிட்டாரு."

சின்ன வட்டு

முன்னால் மிதிகட்டையோடு சுற்றும் வட்டைக் காட்டினேன். அதில் நாலு பல் குறைத்து, பின்னால் அதே பத்து வட்டில் புது அடுக்கும் புதுச் செயினும் போட்டால் முட்டிக்குக் கொஞ்சம் பாரம் இறங்கிய மாதிரி இருக்கும். ஆனால் சமதரையில் கால் பறக்கும், வண்டி நகராது. கூட்டாளிகள் செம்பனைத் தோட்டத்து வளைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிடுவார்கள். இதை மறைக்காமல் சொன்னேன். குணா தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

"தனியாதான் போவணுமாண்ணே?... சரி, மாட்டுங்க."

தொட்டி முன்னால்

அடுத்த திங்கட்கிழமை வசந்தா மட்டும் வந்தார், கைப்பேசியை நீட்டிக்கொண்டு. மற்றவர்கள் உச்சிக்குப் போய், சட்டை காய்ந்து, போரடித்து உட்கார்ந்த பிறகுதான் குணா நத்தையாக ஏறி வந்தாராம். "இது ஏறுறதா மச்சான்? விடிஞ்சிரும்!" என்று கத்தியிருக்கிறார்கள். ஆனால் வழக்கம் காலைப் பற்றித்தான், நேரத்தைப் பற்றி யாரும் விதி எதுவும் வைக்கவில்லை. காலை ஊன்றாமல் தொட்டியைத் தொட்டிருக்கிறார். யார் படம் எடுப்பது என்று அவர்களுக்குள் சண்டையே வந்ததாம். படத்தில் நடுவில் குணா, வாயைப் பிளந்துகொண்டு, சட்டையெல்லாம் செம்மண்.

"மூஞ்சியப் பாருங்கண்ணே, அழுவுற மாதிரியே இருக்கு. ஆனா விக்க மாட்டாராம்லா!"

வேகம் கேட்டு வருகிற எல்லாருக்கும் மெதுவாகப் போவதற்கான வட்டை மாட்டி அனுப்புகிறேன், விடிந்தும் தூக்கம் வராமல் ஓடுகிற எனக்குப் பொருந்துகிற அளவு மட்டும் இன்னும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.