ஒரு டம்ளருக்குப் போன அட்டிகை

"திருச்சி போகிறோம், கோயில்களைத் தவிர என்ன பார்க்கலாம்?" என்று கேட்டு எழுதுகிறீர்கள். நான் சொல்ல நினைக்கும் இடம் இன்று இல்லை. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பழந்துணிக் கொட்டகை அது. அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம், தங்கையின் கல்யாணத்துக்காகப் போன நான் ஒரு மத்தியானம் முழுவதும் அங்கேதான் இருந்தேன்.

புதுக்கோட்டையிலிருந்து காலை ரயில். ஐம்பத்து மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ், இருபது நயா பைசா என்று ஞாபகம். கல்யாணம் மறுநாள் காலை, அண்ணன் வீட்டில். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசியிருந்த நகைகளில் ஒன்று ஏழு பவுன் அட்டிகை. அதைப் புதுக்கோட்டை ஆசாரியிடம் வாங்கிக்கொண்டு வருவது என் பொறுப்பு. அது இல்லாமல் தங்கை மணையில் உட்கார முடியாது. அவர்கள் அவ்வளவு கறார்.

நகையோடு ரயில் ஏறும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் அதைக் கிழிந்த புடவையில் சுருட்டிக் கந்தல் மூட்டையாக எடுத்துப் போவார்கள். கந்தலை எந்தத் திருடன் தொடப் போகிறான்? நானும் அப்படியே கொண்டுவந்து, அண்ணன் வீட்டுக் கூடத்து மூலையில் போட்டுவிட்டு அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போனேன். காவிரியில் இடுப்பளவு தண்ணீர், நல்ல குளியல். திரும்பி வந்து பார்த்தால் மூட்டையைக் காணோம்.

"மூலையில கிடந்த கந்தலா?" என்றாள் அண்ணி. "கல்யாண வீட்ல இது எதுக்குன்னு மத்த பழசோட சேர்த்துப் பாத்திரக்காரம்மாகிட்ட போட்டுட்டேனே!" அவள் கையில் புத்தம்புது எவர்சில்வர் டம்ளர் பளபளத்தது. ஏழு பவுனுக்கு ஒரு டம்ளர். இன்று சிரிக்கிறேன், அன்று தலையில் அடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

திருடனை நினைத்துச் செய்த ஏற்பாட்டில் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்கிறவர்களை நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்து வீட்டில் எதுவும் சும்மா குப்பைக்குப் போகாது. எச்சில் இலை மாட்டுக்கு, சாம்பல் பாத்திரம் தேய்க்க, பழைய துணி பாத்திரக்காரம்மாவுக்கு.

அண்ணனிடம் சொல்லாமல் இருவரும் பஸ் ஏறினோம். பாத்திரக்காரம்மா துணியை எங்கே போடுவாள் என்பது அண்ணிக்குத் தெரியும். காந்தி மார்க்கெட் ஆறு கிலோமீட்டர்தான். பாலத்தின் மேல் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்ததில் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பாத்திரக்காரம்மா அங்கேதான் இருந்தாள். "வாங்கினது நிஜம்தாம்மா. ஆனா பிரிச்சுப் பாக்காம அந்தக் குவியல்ல கொட்டிட்டேனே" என்று கொட்டகையைக் காட்டினாள். எங்கள் தலைக்கு மேல் உயர்ந்து நின்ற குவியல்! அதைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல புடவைகள் வெளுத்துப் பச்சைமலைப் பக்கத்துச் சந்தைகளுக்குப் போகும். நூல் துணி பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் போகும். பட்டு என்றால் ஜரிகையை உருக்கி வெள்ளி எடுப்பார்கள். நாம் தூக்கி எறிந்ததில் இத்தனை பேருக்குச் சாப்பாடு இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். புழுதியும் அழுக்கு நாற்றமும் பத்து நிமிஷத்தில் எங்களை இருமவைத்தன. அவர்களுக்கோ நாள் முழுக்க அதுதான்.

நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். பிரித்த எடைக்குத்தான் அவர்களுக்குக் கூலி. ஆனாலும் மரகதம் என்ற பெண், "கல்யாணப் பொண்ணு நகைடீ, எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று குரல் கொடுத்ததும், எல்லோரும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து குவியலை இறக்கினார்கள். ஒவ்வொரு துணியாக உதறினோம். மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. எனக்கு நம்பிக்கையே போய்விட்டது.

"ஸ்ஸ்" என்று கையை இழுத்தாள் மரகதம். விரலில் ரத்தம். அட்டிகை நழுவாமலிருக்க நான் குத்திவைத்திருந்த ஊக்கு திறந்துகொண்டு, அவள் விரலில் ஆழமாக இறங்கியிருந்தது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு மற்ற கையால் துணியைப் பிரித்தாள். "அக்கா, இதுவா பாருங்க!"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஐந்து ரூபாயை நீட்டினேன், வாங்க மாட்டேன் என்றாள். அப்போதுதான் பார்த்தேன், அங்கே எல்லாப் பெண்களின் விரல்களிலும் துணிச் சுற்று.

"காசு வேணாங்க. துணி போடறப்ப ஊக்கையும் கொக்கியையும் எடுத்துட்டுப் போடச் சொல்லுங்க. அலசிப் போட்டா இன்னும் புண்ணியம். போன மாசம் ஒருத்திக்குக் கை சீழ் வச்சு வேலைக்கே வரல."

மறுநாள் அட்டிகையோடு தங்கை மணையில் உட்கார்ந்தாள். ஸ்ரீரங்கமே கூடி வாழ்த்தியது. என் மனம் நன்றி சொன்னதெல்லாம் அந்தக் கொட்டகைக்குத்தான்.

இப்போது போகிறவர்களுக்கு: ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ் அடிக்கடி உண்டு. காந்தி மார்க்கெட்டை அதிகாலையில் பாருங்கள், வெயில் ஏறினால் நடக்க இடம் இருக்காது. நகையைக் கந்தலில் சுற்றாதீர்கள்.

இன்றும் எங்கள் வீட்டில் பழைய துணி வெளியே போகுமுன் அலசி உலர்த்தி, ஓரம் ஓரமாக நானே தடவிப் பார்க்கிறேன். கண் சரியாகத் தெரியவில்லை, எதற்கு இந்த வேலை என்று மருமகள் கோபிக்கிறாள். ஊக்கு இருந்தால் என் விரலில் குத்தட்டும்.