கோமதியக்காவும் முகத்துவாரத்தில் கிடைத்த பையும்

கோமதியக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி இலத்தூரிலிருந்து போன் செய்தார். காலையில் காபி குடித்துவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். எண்பது தாண்டிய வயது, கல்யாணச் சாவுதான் என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். போனை வைத்தபிறகு நன்றாக அழுதேன்.

அவரிடம் படித்தவர்களும் கூட வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்றே எழுதுகிறேன். தென்காசியில் நாங்கள் இருந்த கல்லூரியில் அவர் விலங்கியல், நான் தாவரவியல். எல்லோருக்கும் அவர் கோமதி மேடம்; எனக்கு மட்டும் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் உரிமையோடு 'ஏட்டி' போட்டுத்தான் கூப்பிடுவார். மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் அவரிடம் கையெழுத்து வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. புத்தகத்தைப் பார்த்து அழகாக வரைந்து வந்தவளிடம், "இத நீ மைக்ராஸ்கோப்புல பாத்தியா? பாக்காம எப்படி வரஞ்ச?" என்பார். கோணல்மாணலாக வரைந்திருந்தாலும், பார்த்து வரைந்தவளுக்கு உடனே கையெழுத்து விழும்.

எழுபதுகளின் கடைசியிலிருந்தே அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சீசன் தொடங்கிச் சாரல் விழுந்ததும் ஊரே குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும். இவர் டீ வடிகட்டியும் பழைய வேட்டித் துண்டும் எடுத்துக்கொண்டு போவார். அருவித் தண்ணீர் எண்ணெயும் சீயக்காய் நுரையுமாக வழிந்தோடும் இடத்தில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணிக்கணக்கில் வடிகட்டுவார். எண்ணெய் பாக்கெட், சோப்பு உறை, பின்னாளில் ஷாம்பு பாக்கெட் எல்லாம் வரும். ஒருமுறை குளிக்க வந்த ஒரு பெண், மோதிரம் தொலைந்துவிட்டதா என்று பரிதாபப்பட்டுக் கேட்டாள். "இல்லம்மா, நீங்க தொலைச்சதத்தான் தேடுதேன்" என்றார் அக்கா. கூட நின்ற எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

பாக்கெட்டுகளை அவர் பெரிதாக மதிக்கவில்லை. வெயிலில் காய்ந்து நொறுங்கி, தவிட்டைவிடப் பொடியாகிவிட்ட துணுக்குகளே அவருக்கு வேண்டும். கல்லூரியின் நல்ல மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்து, வெயிலைக் கண்ணாடியில் பிடித்து எனக்கும் காட்டினார். துணுக்கைச் சுற்றி வழுவழுவென்று ஒரு படலம். அதில் பாசியும் கிருமிகளும் குடும்பம் குடும்பமாக ஒட்டியிருந்தன. பக்கத்தில் எடுத்த வெறும் தண்ணீரில் அவ்வளவு இல்லை. "கண்ணுக்குத் தெரியுத குப்பைய யாராவது பொறுக்கிருவாங்க. இந்தப் பொடிய யாரு பொறுக்குவா? கடலுக்குத்தான் போவும். இதுகளும் மேல ஏறி உக்காந்து போவும்" என்றார். இதற்கு இன்று மைக்ரோபிளாஸ்டிக் என்று பெயர் வைத்து உலகமே பேசுகிறது. அன்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் இது கேலிப் பேச்சு.

குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாற்றில் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது. அந்த வழியே பிளாஸ்டிக்கும் போகிறது என்பதற்கு ஓர் அத்தாட்சிக்காக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி முகத்துவாரத்துக்குப் போய்வருவார். எண்பதுகளின் நடுவில் அது கிடைத்தது. குற்றாலத்துச் சிப்ஸ் கடை ஒன்றின் பெயர் அச்சடித்த மஞ்சள் பாலிதீன் பை. ஓரமெல்லாம் நொறுங்கி, மேலே படலம் பூத்திருந்தது. அருவியடியில் பார்த்த அதே வடிவங்கள் அதிலும் இருந்தன. அக்கா அன்று எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். திருநெல்வேலியில் ஒரு கருத்தரங்கு வரவிருந்தது. அங்கே இதைக் கட்டுரையாகப் படித்து, வருகிற பேராசிரியருக்குப் பிடித்துவிட்டால் பி.எச்டி.க்குப் பதிய இடம் கிடைக்கும். பல வருஷமாக அவர் காத்திருந்தது அதற்குத்தான்.

மேஜையில் கிடந்த பையை நான் புரட்டிப் பார்த்தேன். கைப்பிடி கிழிந்த இடத்தில் நீல நூலால் தைத்திருந்தது. அது என் தையல்.

அந்தக் காலத்தில் பாலிதீன் பையைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, கிழிந்தால் தைத்தும் வைத்துக்கொள்வோம். சீசனுக்குக் குளிக்க வந்திருந்த என் நாத்தனாருக்கு அந்தப் பையில்தான் பலகாரம் கட்டிக் கொடுத்திருந்தேன். அவரைக் கட்டிக்கொடுத்த ஊர் ஆத்தூர், முகத்துவாரத்துக்குப் பக்கம். பை சிற்றாற்றில் மிதந்து போகவில்லை. அவர் மடியில் பஸ்ஸில் போய், ஆத்தூரில் ஆற்றில் விழுந்திருக்கிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. பை எப்படிப் போயிருந்தால் யாருக்கென்ன நஷ்டம், அக்காவுக்கு நல்லது நடக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எட்டு நாள் அவரோடு உட்கார்ந்து சோறும் தின்றேன். எட்டாம் நாள், உன் கையெழுத்து நன்றாக இருக்குமே என்று கட்டுரையைச் சுத்தப்பிரதி எடுக்கக் கொடுத்தார். 'இந்தப் பை குற்றாலத்திலிருந்து ஆற்று வழியாகவே முகத்துவாரத்தை அடைந்துள்ளது' என்ற வரிக்கு வந்ததும் பேனாவை மூடினேன். அவரிடம் போய்ச் சொன்னேன். ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. தையலை இப்போதுதான் கவனித்தேன் என்று சொன்னேன்.

அக்கா பையை வாங்கி, தையலை விரலால் தடவிப் பார்த்தார். அந்த வரியை அப்படியே விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நான்தான் கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். ரெண்டு பேரு போதாதாட்டீ?" என்றார்.

கருத்தரங்கில் ஆற்றுவழி பற்றிய பகுதியை அவர் படிக்கவில்லை. பையின் கதையை அப்படியே சொன்னபோது அரங்கமே சிரித்தது. துணுக்கின்மேல் என்ன ஒட்டியிருந்தது, பக்கத்துத் தண்ணீரில் என்ன இருந்தது என்பதை மட்டும் படித்துவிட்டு இறங்கினார். இதில் ஆய்வுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார் அந்தப் பேராசிரியர். பதிவு கிடைக்கவில்லை. பிறகு அவர் முயலவும் இல்லை. ஓய்வு பெறும்வரை முனைவர் பட்டம் இல்லாத கோமதி மேடமாகவே இருந்தார். வடிகட்டியை மட்டும் விடவில்லை.

அவர் படித்த கட்டுரையின் பிரதி என்னிடம் இருக்கிறது. கடைசி வரியை அவரே சேர்த்து எழுதியிருக்கிறார்: 'தவற்றைக் கவனித்த உடனேயே என்னிடம் சொன்ன தோழிக்கு நன்றி.' நாற்பது வருஷம் இலத்தூருக்கும் தென்காசிக்குமாகப் போய்வந்து பழகினோம். அந்த 'உடனேயே' பொய் என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோபித்திருக்க மாட்டார். பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்திருப்பார், அவ்வளவுதான். அதற்குத்தான் பயந்தேன். அடிக்கப்படாத அந்தச் சொல்தான் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது.