மஞ்சள் தடவிய மனு

போன வாரம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள். எங்கோ ஒரு தேசத்தில் விசாரணையே இல்லாமல் ஆட்களை அடைத்து வைத்திருக்கிறார்களாம். நம் எம்.பி. அதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும் என்று நாம் எழுத வேண்டுமாம். எழுதக்கூட வேண்டாம், கடிதம் தயாராக இருக்கிறது. பெயரும் பின்கோடும் போட்டு ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அழுத்தினேன். 'உங்கள் குரல் சென்று சேர்ந்தது' என்று வந்தது. என் குரல் எங்கள் வீட்டுச் சமையலறைக்கே சென்று சேர்வதில்லை, இது எங்கே போய்ச் சேர்ந்ததோ. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. எங்கிருந்தோ டைப்ரைட்டர் ரிப்பன் வாசனை மட்டும் வந்த மாதிரி இருந்தது.

அந்த வாசனை உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். மையும் மெஷின் எண்ணெயும் கலந்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் மாதிரி. சங்கராபுரத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே கோபால் அண்ணன் வைத்திருந்த டைப்பிங் கடையில் எனக்கு முதல் வேலை. கார்பன் தாளைத் தொட்ட கையோடு இட்லி தின்பேன். இட்லியில் என் கைரேகை விழும். திருடப் போயிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார்கள்.

என்னிடம் இருந்த ஒரே திறமை வேகம். யோசிக்காமல் அடிப்பதால் வந்த வேகம். வருகிற மனுக்களில் பாதி தெருவிளக்கு, மீதி குடிதண்ணீர். 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கிவிட்டால் விரல்கள் தானாக 'ஆவன செய்யுமாறு' வரைக்கும் போய்த்தான் நிற்கும்.

அப்படித்தான் வள்ளியின் மனுவும் முதலில் தடம் மாறியது. வள்ளி வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர்க்காரி. புருஷன் ஆறுமுகம் வளைகுடாவுக்கு ஆடு மேய்க்கப் போனவர். மலையில் மேய்க்காத ஆடா என்று கேட்காதீர்கள், அண்ணனும் அதைத்தான் கேட்டார். போன இடத்தில் போலீஸ் பிடித்து ஜெயிலில் போட்டுவிட்டது. ஜெயிலில் யாரோ கொடுத்த போனில் ஒரு தடவை பேசியிருக்கிறார்.

"இன்னா பண்ணாராம்?" என்றார் அண்ணன்.

"அதுதாங்க அவருக்கே தெரியல. அவங்க பாஷையில இன்னாமோ கேட்டாங்களாம். காயிதத்த நீட்டனாங்களாம், இவரும் கையெழுத்து போட்டுட்டாராம். ஆடு காணாம பூட்ச்சா, வண்டி எதுனா மோதிட்ச்சா, ஒன்னும் தெரியலிங்க."

"சரி, விடுதலை பண்ணச் சொல்லி எம்.பி.க்கு எழுதிடலாம்."

"விடுதலையெல்லாம் அப்பறங்க. தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள அனுப்பி, இன்னா தப்புக்கு உள்ள வெச்சிருக்காங்கன்னு அவருகிட்ட சொல்லச் சொல்லுங்க. அது தெரியாமதான் தூக்கமே வரலன்னாரு."

அடித்துக் கொடுத்தேன். அண்ணன் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஏன்டா, அந்த ஊரு ஜெயிலுக்குத் தெருவிளக்கு கேட்டிருக்கியே, அவரு இன்னா கூட்டாளிங்க கூட சீட்டாடவா போயிருக்காரு?"

திரும்ப அடித்தேன். உறையின் பின்னால் அவள் விலாசத்தையும் எழுதி ஒட்டித் தந்தேன். வள்ளி அதை உடனே தபாலில் போடவில்லை. மலைக்குக் கொண்டுபோய்க் குலசாமி முன்னால் வைத்து, நல்ல சேதி வரட்டும் என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அடுத்த பஸ்ஸில் இறங்கிவந்து பெட்டியில் போட்டாள். போடுவதற்கு முன் எங்களிடம் காட்டவும் செய்தாள். அழகாகத்தான் இருந்தது.

பதில் வந்தது. தடித்த பளபள அட்டையில் எம்.பி. கைகூப்பிக்கொண்டிருந்தார். வள்ளிக்குப் படிக்கத் தெரியாது. ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. "கும்புடறாரு பாருங்க சார். இன்னா போட்டிருக்குது?"

படித்தேன். 'தங்கள் இல்லத் திருமணத்துக்கு நேரில் வர இயலவில்லை. மணமக்கள் எல்லா வளமும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க.'

  அண்ணன் அட்டையை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். "மஞ்சளப் பாத்துட்டு கண்ணாலப் பத்திரிகைன்னு ஒதுக்கிட்டானுங்கம்மா. உள்ள பிரிச்சே பாத்திருக்க மாட்டானுங்க."

வள்ளி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க கண்ணாலத்துக்கு எங்க வூட்டுக்காரரோட தம்பிகூட வரல சார். மழ வேற. புள்ள இஸ்கோலுக்குப் போவும்போதாச்சும் எம்.பி. வாழ்த்தறாரே, வுடுங்க."

சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். நானோ செத்த வீட்டிலும் ஜோக்கடிக்கிற ஆள். அன்றைக்கு மெஷினில் புதுத் தாளைத்தான் செருகினேன்.

இரண்டாவது மனுவைப் பழுப்பு உறையில் போட்டு அண்ணனே தபாலில் சேர்த்தார். 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தது. உரிய துறை எது என்று கேட்டு மூன்றாவது எழுதினோம். அதற்கு ஒன்றும் வரவில்லை. வள்ளியும் வருவதைக் குறைத்துக்கொண்டாள், பிறகு நிறுத்திவிட்டாள். நான் தெருவிளக்குக்குத் திரும்பினேன்.

பல வருஷம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் சாமை மூட்டைமேல் கை வைத்து நின்றிருந்தார்.

"இவருதான் சார். தண்டன முழுசும் உள்ள இருந்துட்டுத்தான் வந்தாரு" என்றாள். அவரிடம், "இவருதான் மெஷின்ல அடிச்சிக் குடுத்தவரு" என்றாள்.

ஆறுமுகம் வணக்கம் வைத்தார்.  "இன்னா கேசுன்னு கடசீல சொன்னாங்களாண்ணே?" என்றேன்.

"இல்லிங்க. வெளிய வுடும்போதும் ஒரு காயிதம் நீட்டனாங்க. கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன்."

பஸ் வந்தது. மூட்டையை ஏற்ற ஒரு கை கொடுத்தேன்.

டைப்பிங் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின. கோபால் அண்ணனும் போய்விட்டார். ஆறுமுகம் இறந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டதாக மலை பஸ் கண்டக்டர் சொன்னார். அவர் என்ன தப்பு செய்தார் என்று சொல்ல இனி யாராவது ஆள் அனுப்பினாலும், கேட்டுக்கொள்ள அவர் இல்லை.