மின்சாரம் விரித்த விரல்கள்

பக்கவாதத்துக்குப் பின் அண்ணனுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் இறுகி மூடியே கிடந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிற தரகருக்கு அந்தக் கைதான் வாய். அது திறக்காமல் சந்தைக்குள் கால் வைக்கமாட்டேன் என்றுவிட்டார்.

சரவணம்பட்டியில் என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். பிசியோதெரபி செய்யும் பெண் சின்ன மெசினோடு வந்தாள். முன்கையில் பட்டைகளை ஒட்டி மின்சாரத்தை மெல்ல ஏற்றினாள். விரல்கள் விரிந்தன. நிறுத்தியதும் மூடிக்கொண்டன.

"விரியறப்ப நீங்களும் சேர்ந்து விரிக்கப் பாருங்கண்ணா."

அவள் போனதும் அண்ணன் முனகினார். "காலைல பால் கறக்காம சந்தைக்கு ஓட்டியாந்த மாடுடா இந்த மெசினு. மடி பெருசாத்தான் தெரியும். ஊட்டுக்குப் புடிச்சுட்டுப் போனாத்தான் வண்டவாளம்."

எனக்கும் அதே சந்தேகம். மெசினில் எரிந்த பச்சை விளக்கை நம்பவில்லை, அவளுடைய சிரிப்பை நம்பவில்லை. யாருடைய கை அது, அவருடையதா, கரண்டுடையதா?

நாள்கள் போயின. கை இளகவில்லை. மெசினுக்கே விரல்கள் முரண்டு பிடித்தன. ஒருநாள் அவள் அவர் முன்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெசினை நிறுத்தினாள்.

"ஏனுங்கண்ணா, எதுத்து இறுக்கறீங்களா?"

"சோதிக்க வேண்டாமுங்களா அம்மணி? கயித்த எதுத்து இழுத்துப் பாக்காம எவனாச்சும் மாடு புடிப்பானா?"

"இங்க மாடு நீங்கதானுங்கண்ணா. மெசின் இல்லீங்க."

அண்ணன் கோணிய வாயோடு சிரித்துவிட்டார். பிறகு என்னிடம், "துண்டப் போடு தம்பி. கண்ணு பாக்கறத நான் நம்பறதில்ல" என்றார்.

அவர் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே என் விரலை அவர் பிடிக்குள் நுழைத்தேன். மெசின் ஓடியது. இந்த முறை அவரும் சேர்ந்து முயன்றார், நெற்றி வேர்த்தது. அவள் மின்சாரத்தை நிறுத்தினாள்.

"இப்ப நீங்களா விரிங்கண்ணா."

துண்டின் இருட்டில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு சுண்டுவிரல் பக்கம் ஏதோ தளர்ந்தது, இறுகிய மண் ஈரத்தில் நெகிழ்வதுபோல.

அண்ணன் என்னை முறைத்தார். "நீ நெம்புனியா?"

"இல்லீங்கண்ணா."

"என்ற மேல சத்தியமா?"

"சத்தியமாங்கண்ணா."

சொல்லிவிட்டேன். ஆனால் என் ஆசை விரலுக்குள் இறங்கினால் அது சும்மா கிடக்குமா? தெரியவில்லை.

அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "அம்மணி, கரண்டு வேண்டாமுங்க. இவன் கைய வெளிய எடுக்கச் சொல்லுங்க. இன்னொருக்காப் பாத்துப்போடலாம்."